நெய்தற்புறத் தும்பையும் இணையவெளிக் கப்பற்படைப் போரும்: ஈவ் ஆன்லைன் விளையாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொல்காப்பியப் புறத்திணையியல் தும்பைத் திணையை நெய்தலுக்குப் புறனாக வைக்கிறது. இரு தரப்பாரும் ஒரே களத்தில் எதிரெதிர் நின்று பொருதும் போர் தும்பை. ஈவ் ஆன்லைன் என்னும் இணைய விண்வெளி விளையாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பங்கேற்கும் கப்பற்படைப் போர்கள் நிகழ்ந்துள்ளன. அத்தகைய போர் எவ்வாறு இயங்குகிறது, அதில் தனியொருவர் செய்வது யாது, அவர் இழப்பது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தும்பை பற்றிய உரையாசிரியர் கருத்துகள் அப்போரைப் புரிந்துகொள்ள எந்த அளவிற்கு உதவுகின்றன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தும்பை, நெய்தல், எற்பாடு, நடுகல், ஈவ் ஆன்லைன், காட்டுப்பள்ளி

முன்னுரை

எண்ணூருக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் அமைய, பழவேற்காட்டை நோக்கி நீளும் மணல்திட்டில் உள்ளது காட்டுப்பள்ளி. இலக்கணம் நெய்தல் என வகுத்த நிலம் இது. இன்று இங்குச் சரக்குப்பெட்டகத் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் உள்ளன. இத்தளத்தில் உருவான ‘அர்ணாலா’ என்னும் நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் 2022 டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டது; 2025 ஜூனில்தான் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. நீரில் இறங்கிய பின்னரும் ஒரு கப்பல் போர்க்கப்பலாவதற்கு இரண்டரை ஆண்டுகள் ஆகின. அதற்கு முன் உருக்குத் தகடு வெட்டத் தொடங்கிய நாள்முதல் ஆன காலம் வேறு.

கட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும் கலம் அழிவதற்குச் சில நிமிடங்கள் போதும். கடற்போரின் துயரம் முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வில் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான கணினி விளையாட்டுகள் இதனை மறைத்துவிடுகின்றன. அவற்றில் அழிந்த கலம் அடுத்த சுற்றில் மீண்டும் வந்துவிடும். அவ்வாறு மறைக்காமல், அதனையே அடிப்படை விதியாகக் கொண்ட விளையாட்டு ஈவ் ஆன்லைன்.

களமும் கலமும்

ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் இவ்விளையாட்டை 2003 மே மாதம் வெளியிட்டது. ‘நியூ ஈடன்’ எனப்படும் கற்பனை விண்மீன் கூட்டமே களம். அதில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் உள்ளன. சீனாவிற்கெனத் தனியே இயங்கும் பதிப்பைத் தவிர்த்தால், உலகின் எப்பகுதியிலிருந்து ஆடுபவரும் இந்த ஒரே வெளியில்தான் சந்திக்கின்றனர். பிற இணைய விளையாட்டுகள் கூட்டம் மிகும்போது களத்தைப் பல படிகளாகப் பிரித்துவிடும். இங்குக் களம் ஒன்றே. ஆகவே, ஓர் இடத்தில் நிகழ்ந்தது எல்லோருக்கும் நிகழ்ந்ததாகிறது. இதனால் இவ்விளையாட்டிற்கு வரலாறு என்று ஒன்று வாய்த்துள்ளது.

கலங்களை விளையாட்டாளர்களே கட்டுகின்றனர். சிறுகோள்களிலும் நிலவுகளிலும் கனிமம் அகழ்வோர், அதனை உருக்கித் தூய்மைப்படுத்துவோர், உறுப்புகளைச் செய்வோர், சுமந்து செல்வோர், சந்தையில் விற்போர் எனப் பலர் கை கோத்தால்தான் ஒரு பெருங்கலம் உருவாகும். ‘டைட்டன்’ எனப்படும் மிகப் பெரிய வகைக் கலத்திற்குப் பல வாரக் கட்டுமானக் காலமும், அதற்கு முன் பல மாதச் சேகரிப்பும் தேவை. முதல் டைட்டன் 2006 செப்டம்பரில் கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பகைவரால் அழிக்கப்பட்டது. அழிந்த கலம் அழிந்ததுதான். காப்பீட்டால் திரும்பும் தொகை பெருங்கலங்களைப் பொறுத்தவரை மிகச் சிறிது.

செலுத்துபவர் மட்டும் சாவதில்லை. கலம் உடைந்தால் அவர் ஒரு சிறு பேழையில் வெளியேறுவார். பேழையும் உடைந்தால் வேறொரு நிலையத்தில் புதிய உடலோடு விழித்தெழுவார். உயிர் மீளும், உழைப்பு மீளாது. இப்போர்களில் பணயமாக வைக்கப்படுவது பலருடைய மாதக்கணக்கான உழைப்பும் அவர்களுக்கிடையே உள்ள நம்பிக்கையுமே ஆகும்.

படையில் ஒருவர்

வெளியிலிருந்து பார்ப்போர் காணும் படங்களில் ஒளிக்கற்றைகளும் வெடிப்புகளும் நிறைந்திருக்கும். பங்கேற்பவர் காண்பது வேறு. கணினியின் சுமையைக் குறைக்கப் பலர் காட்சித் தரத்தைத் தாழ்த்திவிடுவர். திரையின் ஓரத்தில் கலங்களின் பெயர், வகை, தொலைவு ஆகியவை வரிசையாகத் தோன்றும் பட்டியல் ஒன்றுதான் அவர்தம் போர்க்களம். அந்த வகையில் இது கண்ணால் பார்க்கும் போர் அன்று, படித்துப் பார்க்கும் போர்.

ஒரு படையில் 256 பேர்வரை இருக்கலாம். பெரும் போரில் இத்தகைய படைகள் பல ஒன்றுசேரும். படையில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வகைக் கலத்தில், ஒரே வகை ஆயுதத்தோடு வர வேண்டும் என்பது விதி. தம் விருப்பப்படி கலம் அமைத்து வருபவர் திருப்பி அனுப்பப்படுவார். காரணம் எளிது. ஆயுதங்களின் எட்டும் தொலைவு ஒன்றாயிருந்தால்தான் எல்லோரும் ஒரே இலக்கை ஒரே நேரத்தில் தாக்க இயலும். அணி நடுவே ஒரு கலத்தைக் குறித்து, மற்றவர் அதனைத் தொடர்ந்து செல்லுமாறு அமைத்துக்கொள்வர். பின்னர்ப் படைத்தலைவரின் குரல் ஒரு பெயரைச் சொல்லும்: ‘பிரைமரி’, அதாவது முதல் இலக்கு. 200 பேரும் பட்டியலில் அப்பெயரைத் தேடி, குறிவைத்து, எஃப்1 விசையை அழுத்துவர். அடுத்த பெயர் வரும். விளையாட்டாளர்கள் தம்மையே ‘எஃப்1 குரங்குகள்’ என்று எள்ளிக் கூறிக்கொள்வது இதனால்தான். தன்னிச்சையாக வீரம் காட்டுபவர் இங்குப் படைக்குச் சுமை.

இதைவிட நுட்பமான பணி பழுதுநீக்கும் கலங்களுக்கு உரியது. பகைவர் தம்மைக் குறிவைத்துவிட்டனர் என்பதைத் திரையில் கண்டவுடன் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கோருவார். பழுதுநீக்குவோர் அடுத்த சில நொடிகளில் அவர் கலத்தின் கவசத்தை மீட்கத் தொடங்க வேண்டும். முன்கூட்டிக் கேட்டாரெனில் உதவி வீணாகும். பிந்திக் கேட்டாரெனில் கலம் இராது. தாக்குவோரின் திறமை ஒரே இலக்கில் ஒன்றுபடுவதில் உள்ளது. காப்போரின் திறமை அந்த இலக்கு யார் என்பதை அவர்களுக்கு முன்பே ஊகிப்பதில் உள்ளது.

மீதிப் பொழுதெல்லாம் காத்திருப்பு. மணிக்கணக்கில் ஓரிடத்தில் கூடி நின்று, ‘இன்று போர் இல்லை’ என்ற சொல்லோடு கலைவது வழக்கமான நிகழ்ச்சி. 2018 ஜனவரி 23 அன்று 9-4ஆர்பி2 என்னும் மண்டலத்தில் நிகழவிருந்த போர் பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள அழிவைத் தரும் என்று உலக ஊடகங்கள் முன்னறிவித்தன. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். எதிர்பார்த்த அழிவில் மிகச் சிறு பகுதிகூட நிகழவில்லை.

நீளும் காலம்

ஒரே மண்டலத்தில் சில ஆயிரம் கலங்கள் கூடினால், யார் எங்கே நகர்ந்தார், யாருடைய குண்டு யார்மேல் பட்டது என்பதைக் கணக்கிட வழங்கிக் கணினி திணறும். முற்காலத்தில் இத்தகைய நேரங்களில் ஆணைகள் தொலைந்துபோகும். விசையை அழுத்தியவருக்கு எதுவும் நிகழாது. 2012 தொடக்கத்தில் சிசிபி இதற்கொரு தீர்வைக் கொணர்ந்தது. கணக்கு காலத்திற்கு ஈடுகொடுக்காதபோது காலத்தையே மெதுவாக்கிவிடுவது என்பதே அத்தீர்வு. சுமை ஏறஏற விளையாட்டு நேரம் சுருங்கி, பத்தில் ஒரு பங்கு வேகம்வரை தாழும். அந்நிலையில் விளையாட்டின் ஒரு நொடி நம் பத்து நொடி. 21 மணிநேரம் நீண்டதாகச் சொல்லப்படும் போர், முழுவதும் அந்த வேகத்திலேயே நடந்ததாகக் கொண்டால், உள்ளே ஏறத்தாழ இரண்டு மணிநேரமே.

இந்த மெதுநடை தொலைவில் உள்ளவருக்கு ஒரு நன்மை செய்கிறது. விளையாட்டின் வழங்கிக் கணினி இலண்டனில் உள்ளது. காட்டுப்பள்ளியிலோ திருவொற்றியூரிலோ அமர்ந்து ஆடுபவரின் ஆணை கடலடிக் கம்பிவடங்களின் வழியே அங்குச் சென்று மீள்வதற்கு ஒரு நொடியின் சிறு பின்னம் ஆகும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் அப்பின்னமே வெற்றி தோல்வியை முடிவுசெய்யும். ஈவ் ஆன்லைனோ ஒரு நொடிக்கு ஒருமுறைதான் களநிலையைக் கணக்கிடுகிறது. பெரும் போரில் அந்த நொடியும் பத்து மடங்கு நீள்கிறது. இலண்டன்காரருக்கும் வடசென்னைக்காரருக்கும் இடையே உள்ள தொலைவு அங்குப் பொருளற்றதாகிறது.

ஆனால் கடிகாரம் பொருளற்றதாகவில்லை. ஐரோப்பிய விளையாட்டாளர் மிகுதியாகக் கூடும் மாலை 7 மணி (உலகப் பொது நேரம்) இங்கு நள்ளிரவு 12.30. கோட்டைகளும் நிலையங்களும் முதல் தாக்குதலிலேயே வீழ்வதில்லை. குறித்த கால இடைவெளிக்குப் பின் மீண்டும் தாக்கத்தக்கனவாகும். அந்நேரம் எவருடைய நள்ளிரவில் விழுகிறது என்பது போர்த்தந்திரத்தின் பெரும்பகுதி. பகைவர் உறங்கும் வேளையைத் தேர்வது, தம்மவரை அலாரம் வைத்து எழுப்புவது, மறுநாள் வேலைக்குச் செல்ல வேண்டியவர்களை எத்தனை இரவு இப்படி எழுப்ப முடியும் என்று கணக்கிடுவது ஆகியவையே தலைவர்களின் உண்மையான கவலைகள். பல போர்கள் பகைவரின் குண்டுகளால் தோற்கவில்லை. தம்மவரின் சோர்வால் தோற்றன.

செலுத்தாத கட்டணம், தவறிய சொடுக்கு

2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்தில் தொடங்கிய போர் இவ்விளையாட்டின் வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படுவது. என்3 கூட்டணியும் பாண்டமிக் லீஜியனும் தம் பெருங்கலங்களை அங்கு நிறுத்தியிருந்தன. ஒரு மண்டலத்தின் உரிமையைத் தக்கவைக்கக் குறித்த காலத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். அது செலுத்தப்படாமல் போயிற்று, உரிமை நீங்கிற்று. அதனை அறிந்த சிஎஃப்சி கூட்டணியும் அதன் ரஷ்யத் தோழமைப் படைகளும் உள்ளே பாய்ந்தன. ஓர் அலுவலகப் பிழை, எவரும் திட்டமிடாத பெரும் போராயிற்று.

21 மணிநேரத்தில் வந்துபோனோர் 7,548 பேர். 75 டைட்டன்கள் அழிந்தன: என்3 தரப்பில் 59, எதிர்த்தரப்பில் 16. விளையாட்டு நாணயத்தில் இழப்பு ஏறத்தாழ 11 லட்சம் கோடி ஐஸ்க். விளையாட்டின் சந்தாக் காலத்தைப் பணம் கொடுத்து வாங்கி, அதனை உள்ளே நாணயத்திற்கு விற்கும் வழி இருப்பதால், இத்தொகையை டாலரில் மதிப்பிட இயலும். அன்றைய மதிப்பீடு சுமார் 3 லட்சம் டாலர். இம்மதிப்பை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் நாணயத்தை வெளியே பணமாக்க நிறுவனம் அனுமதிப்பதில்லை. ஆகவே இது எவருடைய பையிலிருந்தும் போன பணம் அன்று, செலவழிந்த நேரத்திற்கு இடப்பட்ட விலை.

பின்வந்த போர்கள் எண்ணிக்கையில் இதனை விஞ்சின. 2020 அக்டோபர் 6 அன்று எஃப்டபிள்யூஎஸ்டி-8 மண்டலத்தில் 8,825 பேர் பங்கேற்றனர். ஒரே நேரத்தில் உள்ளிருந்தோர் 6,557 பேர். இரண்டும் கின்னஸ் சாதனைகள். அவ்வாண்டின் இறுதி நாளில் எம்2-எக்ஸ்எஃப்ஈ மண்டலத்தில் 257 டைட்டன்கள் அழிந்தன. எனினும் போரின் இயல்பை விளக்குவதில் பி-ஆர்5ஆர்பிக்கு இணையில்லை. அதற்கு ஓராண்டு முன், 2013 ஜனவரியில், அசாகாய் என்னும் மண்டலத்தில் நிகழ்ந்ததும் அத்தகையதே. டைட்டன் கலம் தன் படையை வேறொரு மண்டலத்திற்கு அனுப்ப வாயில் திறக்கும் ஆற்றல் உடையது. தானே பாய்ந்து செல்லவும் வல்லது. இரண்டிற்குமான கட்டளைகள் திரையில் அருகருகே இருந்தன. அனுப்ப நினைத்தவர் தவறுதலாகத் தானே பாய்ந்தார். பகைவர் நடுவே தனித்து நின்ற அக்கலத்தைக் காக்க ஒரு தரப்பும் அழிக்க மறுதரப்பும் விரைந்தன. ஆயிரக்கணக்கானோர் அதில் இழுக்கப்பட்டனர்.

உண்மைக் கடற்போரும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. 1782, 1783ஆம் ஆண்டுகளில் சஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படையும் எட்வர்ட் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பற்படையும் ஐந்து முறை பொருதின. அவற்றுள் முதற்போர் 1782 பிப்ரவரி 17 அன்று, சென்னைக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினக் கடலில் நிகழ்ந்தது. சஃப்ரன் காட்டிய சைகைகளைப் பின்வரிசைத் தலைவர் சிலர் நிறைவேற்றாததால் அவருக்குக் கைகூடவிருந்த வெற்றி நழுவிற்று. அவ்வாண்டு ஆகஸ்டின் இறுதியில் அவர் திருகோணமலையைக் கைப்பற்றியதற்கு, கப்பல்களைப் பழுதுபார்க்க ஒரு துறைமுகம் இன்றியமையாததாக இருந்தமையே முதன்மைக் காரணம். பீரங்கியைவிடப் பாய்மரமும் குடிநீரும் துறைமுகமும் போரை நடத்தின.

தும்பையின் இடம்

தொல்காப்பியம் கூறும் புறத்திணைகள் ஏழனுள் வெட்சி குறிஞ்சிக்கும், வஞ்சி முல்லைக்கும், உழிஞை மருதத்திற்கும், தும்பை நெய்தலுக்கும், வாகை பாலைக்கும் புறன். காஞ்சியும் பாடாணும் முறையே பெருந்திணைக்கும் கைக்கிளைக்கும் புறன். தும்பை ஏன் நெய்தலுக்கு உரியது என்பதற்கு உரையாசிரியர் தரும் காரணங்கள் நோக்கத்தக்கன. காடும் மலையும் கழனியும் மறைக்காத, கடற்கரை மணல்வெளி போன்ற திறந்த நிலம் அப்போருக்கு வேண்டும்; நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாடு போர் ஓயும் நேரம்; நெய்தலுக்கு உரிய இரங்கல் களத்தில் மாண்டோர்பொருட்டு எழும் இரங்கலோடு ஒக்கும்.

திறந்தவெளி என்பதில் விண்வெளிக்கு மேற்பட்டது இல்லை. அங்கு மறைவதற்குக் குன்றும் இல்லை, அகழியும் இல்லை. ஆயினும் இவ்விளையாட்டின் எல்லாப் போரையும் தும்பை என்றல் பொருந்தாது. தனித்துச் செல்லும் சரக்குக் கலத்தை மறித்துக் கொள்ளையிடும் சிறு குழுக்களின் செயல் வெட்சிக்கு நெருக்கமானது. நிலையங்களை முற்றுகையிடுவதும் காப்பதும் உழிஞையின் பாற்படும். பிற்கால இலக்கணமாகிய புறப்பொருள் வெண்பாமாலை காத்தலை நொச்சி எனத் தனியே பிரிக்கும். அன்றாடப் போர்களுள் மிகப் பல இவ்வகையினவே. பி-ஆர்5ஆர்பியும் நிலைய உரிமை பற்றிய பூசலாகவே தொடங்கிற்று. சில மணிநேரத்தில் நிலையத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. டைட்டன்கள் டைட்டன்களைத் தேடின. உழிஞையாகத் தொடங்கித் தும்பையாக மாறிய போர் என்று அதனைக் கூறலாம்.

அப்போர் ஓய்ந்த விதம் தனியே குறிப்பிடத்தக்கது. ஈவ் ஆன்லைனின் வழங்கி நாள்தோறும் உலகப் பொது நேரம் முற்பகல் 11 மணிக்குப் பராமரிப்பிற்காக நிறுத்தப்படும். அந்நேரம் வந்தால் எல்லோரும் களத்தினின்று நீக்கப்படுவர். தோற்கும் தரப்பு அதுவரை தாக்குப்பிடித்தால் எஞ்சிய கலங்கள் பிழைக்கலாம். ஆகவே இறுதி மணிகளில் இரு தரப்பின் கண்ணும் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. உலகப் பொது நேரம் முற்பகல் 11 மணி என்பது காட்டுப்பள்ளிக் கரையில் மாலை 4.30. பிற்பகல் 2 மணிமுதல் 6 மணிவரை உள்ள எற்பாட்டின் நடுவே அது விழுகிறது. ஐஸ்லாந்துக்காரர் தம் வசதிக்கு வகுத்த நேரத்திற்கும் தமிழிலக்கணத்திற்கும் உறவில்லை, இது தற்செயலே. ஆனால் போருக்கு ஒரு பொழுது எல்லை வேண்டும் என்பதும், அவ்வெல்லை இருபாலார்க்கும் பொதுவாய் இருத்தல் வேண்டும் என்பதும் தற்செயல் அல்ல. ஞாயிறு மறைதல் செய்த பணியை இங்கு வழங்கியின் நிறுத்தம் செய்கிறது.

கல்லும் பதிவும்

பி-ஆர்5ஆர்பி போருக்குப் பின் சிசிபி அம்மண்டலத்தில் சிதைந்த டைட்டன்களின் உடல்களை அழியாத நினைவிடமாக நிறுத்தியது. வழிச்செல்வோர் அவற்றைக் காணலாம், கொள்ளையிட இயலாது. நடுகல் மரபை அறிந்தோருக்கு இது புதிதன்று. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளைக் கூறுகிறது. செங்கம் பகுதி நடுகற்கள் மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், பூசலின் காரணம், பட்டவன் பெயர் ஆகியவற்றைச் சுருக்கமாகப் பொறித்துள்ளன. இவ்விளையாட்டிலும் ஒவ்வொரு கலம் அழியும்போதும் ஒரு பதிவு தானே உருவாகிறது: அழிந்தவர் பெயர், கலம், இடம், நேரம், தாக்கியோர் அனைவரின் பெயர், ஒவ்வொருவரும் விளைத்த சேதம். வேறுபாடு ஒன்று உண்டு. நடுகல் பட்டவனுக்கு உரியது. இப்பதிவை வென்றவர்களே பெருமையோடு சேர்த்துவைக்கின்றனர். தோற்றவரின் பெயர் அங்கு வென்றவரின் பொருள்.

தோற்றவருக்கும் இறந்தவருக்கும் உரிய நினைவை விளையாட்டாளர்கள் வேறிடத்தில் தேடிக்கொண்டனர். மோலியா என்னும் மண்டலத்தில் அவர்களே ஒரு கல்லறைவெளியை அமைத்துள்ளனர். விளையாட்டில் விழுந்த உடல்களோடு, உண்மை வாழ்வில் மறைந்தவர்களும் அங்கு நினைக்கப்படுகின்றனர். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பென்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டபோது உயிரிழந்தோருள் ஷான் ஸ்மித் என்னும் தூதரக அலுவலர் ஒருவர். ஈவ் ஆன்லைனில் அவர் ‘வைல் ராட்’ என்ற பெயரோடு ஒரு பெருங்கூட்டணியின் தூதுவராக விளங்கியவர். விளையாட்டாளர் தேர்ந்தெடுக்கும் மன்றத்தின் உறுப்பினராகவும் இருந்தவர். செய்தி பரவியதும், தம்முள் ஓயாது பொருதிக்கொண்டிருந்த கூட்டணிகள் பல, தத்தம் நிலையங்களின் பெயரை மாற்றி அவர் பெயரைச் சூட்டின. அவரோடு பேச்சுவார்த்தை நடத்தித் தோற்றவர்களும் அவர்களுள் இருந்தனர்.